மோட்டார் ரூமில் டிராகுலா

எங்க பக்கம் தோட்டத்துக்கு வர்ற மும்முனைக் கரண்டு பகல்ல கொஞ்சம், ராத்திரியில கொஞ்சம்னு பிரிச்சுத்தான் வரும். ராத்திரி முறை வந்துட்டா வேற வழியில்லைங்க, டார்ச் லைட்டும் மண்வெட்டியுமா போய் மோட்டாரைப் போட்டுட்டு உக்காந்துக்கோணும். ஒரு பாத்தி நிறைய இருபது நிமிஷம். எந்திரிச்சுப் போய் மடையை மாத்தி விட்டுட்டு வந்தா அடுத்த இருபது நிமிஷம். இப்படி இருபது இருபது நிமிஷமா நான் போன்ல பார்த்து முடிச்ச ரத்தக் காட்டேரிப் படங்களை எண்ணினா நூறு தாண்டும். நல்ல படம், சுமாரான படம், கயித்துல கட்டின வௌவால் ஆடுற படம், எல்லாம் அதுல சேத்திதான்.

வீட்டுக்காரிக்கு இது ஆகாது. "நடுச்சாமத்துல கிணத்துமேட்டுல ஒத்தையில உக்காந்துட்டுப் பாக்கற படமாங்க இது?" என்பாள். கிணத்துமேட்டுல நான் பயப்படறது கண்ணாடி விரியனுக்குத்தான். டிராகுலா இதுவரைக்கும் மஞ்சக் காட்டுக்குள்ள வந்ததில்லை.

பழக்கம் ஆரம்பிச்சது பத்தாவது பரீட்சை எழுதின லீவுல. டவுன் தியேட்டர்ல பழைய இங்கிலீஷ் 'டிராகுலா' திரும்பவும் போட்டிருந்தாங்க. பெரியப்பா மகன், எனக்கு மூணு வயசு மூத்த அண்ணன், சைக்கிள்ல என்னைப் பின்னால உக்கார வெச்சு ரெண்டாவது ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனார். வயசு வந்தோருக்கு மட்டும்னு போஸ்டர்ல போட்டிருந்துச்சு. டிக்கெட் கிழிக்கறவர் என் மீசையில்லாத மூஞ்சியைப் பார்த்தார், அண்ணன் மூஞ்சியைப் பார்த்தார், ஒண்ணும் சொல்லாம உள்ள விட்டுட்டார். படம் முடிஞ்சு திரும்பி வர்ற வழியில சுடுகாட்டுப் பள்ளம். அந்தப் பள்ளத்துல மிதிக்காமலே சைக்கிள் இறங்கும். அண்ணன் அன்னைக்கு இறக்கத்துலயும் மிதிச்சார்.

பேச்சு ஒண்ணும் புரியலை. ஆனா உசரமான ஒரு ஆளு மாடிப்படியில இறங்கி வந்து மரியாதையா வணக்கம் சொல்றதும், கொஞ்ச நேரம் கழிச்சு அதே ஆளு கண்ணு ரத்தமாச் செவந்து, வாயோரம் ரத்தத்தோட கதவுல வந்து நிக்கறதும் இன்னைக்கும் கண்ணுக்குள்ள இருக்கு. அது கிறிஸ்டோபர் லீ. படம் 1958-ல இங்கிலாந்துல ஹாமர் கம்பெனி எடுத்தது. அதெல்லாம் ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பின்னாடி தேடித் தேடிப் படிச்சப்பத்தான் ஒண்ணு பிடிபட்டுச்சு. சினிமாவுல இந்த ரத்தக் காட்டேரி கோட்டு சூட்டுப் போட்ட பிரபு. கோட்டை, குதிரை வண்டி, வெள்ளி விளக்கு. ஆனா சினிமாவுக்கும் கதைப் புத்தகத்துக்கும் முந்தி நிசமா ஜனங்க பயந்த ரத்தக் காட்டேரி யாருன்னு பார்த்தா, அவன் நம்மளை மாதிரி ஒரு குடியானவன்!

செர்பியாவுல மெத்வேஜான்னு ஒரு ஊரு. அப்ப அது ஆஸ்திரிய ராஜ்ஜியத்துக்குக் கீழே இருந்துச்சு. அங்க அர்னோல்ட் பாவ்லேன்னு ஒருத்தர். 1720-கள்ல வைக்கோல் வண்டியில இருந்து கீழ விழுந்து கழுத்து முறிஞ்சு செத்துப்போனார். நம்ம ஊர்ல இப்படி விழுந்தவங்க எத்தனை பேர்! அவர் செத்து மாசம் திரும்பறதுக்குள்ள அவர் வந்து தொந்தரவு பண்றார்னு சொன்னவங்க சிலர் செத்துப்போனாங்க. ஊரே கூடிக் குழியைத் தோண்டினா உடம்பு அழுகாம இருக்கு, வாயில ரத்தம் இருக்கு. நெஞ்சுல முளையை அடிச்சு எரிச்சுட்டாங்க. சில வருஷம் கழிச்சு அதே ஊர்ல மறுபடி சாவு. ஆட்களை மட்டுமில்லாம மாட்டையும் அவர் கடிச்சிருந்தார், அந்த மாட்டோட கறியைத் தின்னவங்களுக்குத்தான் இப்ப ஒட்டிக்கிச்சுன்னு ஊர்ல பேச்சு. ராணுவத்துல இருந்து டாக்டர்களை அனுப்பிக் குழிகளைத் தோண்டிப் பார்த்து, 1732-ல அறிக்கை எழுதினாங்க. அந்த அறிக்கை ஐரோப்பாப் பத்திரிகைகள்ல எல்லாம் வந்துச்சு. வாம்பயர்ங்கற வார்த்தை இங்கிலீஷ் பத்திரிகைக்குள்ள போனதும் அதே வருஷம்தான்.

அழுகாத உடம்பு, வாயில ரத்தம்னு சொல்றது பொய் இல்லைங்க. செத்த மாட்டைப் புதைக்கறதுக்குள்ள ஒரு பகல் கிடந்தாலே வயிறு எப்படி ஊதும், மூக்குல வாயில என்னவெல்லாம் வழியும்னு மாடு வெச்சிருக்கறவனுக்குத் தெரியும். குளிர் நாட்டு மண்ணுல உடம்பு மெதுவாத்தான் அழுகும். உள்ள காத்து அடைச்சு வயிறு ஊதினா, 'நல்லாத் தின்னு கொழுத்திருக்கான்'னு தோணும். தோல் சுருங்கினா நகம் வளர்ந்த மாதிரி தெரியும். கண்ணால பார்த்ததைத்தான் அவங்க சொன்னாங்க. எதனாலங்கறதுலதான் தப்பு. 1755-ல மரியா தெரேசா மகாராணி தன்னோட வைத்தியர் வான் ஸ்வீட்டனை வெச்சு விசாரிச்சு, இப்படிக் குழி தோண்டறதையே தடை பண்ணினாங்க.

அந்த நாட்டுப்புறத்துக் காட்டேரிக்குப் பயப்படாம இருக்க அவங்க வெச்சிருந்த மருந்துகளைப் பாருங்க. பூண்டு. முள்ளுச் செடி. அப்புறம் தினை, கசகசா மாதிரிச் சின்ன விதைகளைக் குழியைச் சுத்தி இறைக்கறது. காட்டேரிக்கு ஒரு வியாதி, கீழ சிந்தினதை ஒவ்வொண்ணா எண்ணாம நகர முடியாது, எண்ணி முடிக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சுடும். இதைவிட ஒரு கூத்து, பால்கன் பக்கத்து நாடோடி ஜனங்க கிட்ட பூசணிக்காயும் தர்ப்பூசணியும்கூட பத்து நாளைக்கு மேல கிடந்தா காட்டேரி ஆயிடும்னு நம்பிக்கை இருந்துச்சுன்னு வுகனோவிச்ங்கற ஆராய்ச்சிக்காரர் எழுதி வெச்சிருக்கார். காய் உருளுமாம், உறுமுமாம். பல்லு இல்லாததால யாரும் அவ்வளவாப் பயப்படலையாம். விலை இல்லாம எங்க களத்துல கிடந்த தர்ப்பூசணியை நினைச்சுக்கிட்டேன். அதுவும் உறுமியிருக்கும், என் காதுல விழலை.

நம்ம காட்டேரி வேற கதை. தமிழ்ப் பத்திரிகைக்காரங்க வாம்பயருக்கு ரத்தக் காட்டேரின்னு பேர் வெச்சுட்டாங்களே தவிர, நம்ம பக்கம் காட்டேரி அம்மனுக்குப் படையல் போட்டுக் கும்பிடற குடும்பங்க இருக்கு. குழியில இருந்து எந்திரிச்சு வர்ற வழக்கம் அதுக்குக் கிடையாது. பேருக்காக அந்த வார்த்தையை வெச்சுக்கறேன், கும்பிடறவங்க மன்னிக்கணும்.

சரி, குடியானவன் எப்பப் பிரபு ஆனான்? 1815 ஏப்ரல்ல இப்ப இந்தோனேசியாவுல இருக்கற தம்போரா எரிமலை வெடிச்சு, அந்தச் சாம்பல் மேல போய், அடுத்த வருஷம் ஐரோப்பாவுல கோடைகாலமே வரலை. விடாத மழை. வெள்ளாமை போச்சு, பஞ்சம் வந்துச்சு. அந்த 1816 மழையில ஜெனீவா ஏரிக்கரை பங்களாவுல வெளிய போக முடியாம அடைஞ்சு கிடந்த சில பேர் பேய்க் கதை எழுதிப் போட்டி வெச்சுக்கிட்டாங்க. மேரி ஷெல்லிக்கு ஃபிராங்கன்ஸ்டைன் கிடைச்சது அங்கதான். பைரன் பிரபுவோட டாக்டர் பாலிடோரி, பைரன் பாதியில விட்ட கதையை எடுத்து வாம்பயர் கதையா எழுதி 1819-ல வெளியாச்சு. அதுல காட்டேரி, அழகான பிரபு. பைரன் சாயல்ல எழுதினார்னு எல்லாரும் சொல்வாங்க. ஊரே பட்டினி கிடந்த வருஷத்துல பிறந்தவன் பாருங்க, பணக்காரனாப் பிறந்துட்டான்.

அப்புறம் பிராம் ஸ்டோக்கர். அயர்லாந்துக்காரர். லண்டன்ல லைசியம் நாடகக் கொட்டகைக்கு மேனேஜர், ஹென்றி இர்விங்ங்கற பெரிய நடிகருக்குக் கணக்கு வழக்கு, கடுதாசி எல்லாம் இவர்தான். 1890-ல விட்பிங்கற கடற்கரை ஊருக்கு லீவுல போனப்ப, நூலகத்துல இருந்த பழைய சரித்திரப் புத்தகத்துல டிராகுலாங்கற பேரைப் பார்த்தார். அதுக்கு முன்ன தன்னோட குறிப்புல 'வாம்பிர் பிரபு'ன்னுதான் எழுதி வெச்சிருந்தார். அந்தப் பேரே நின்னிருந்தா இன்னைக்கு நாம இதைப் பேசிட்டு இருப்போமாங்கறது சந்தேகம். 1897 மே 26-ல புத்தகம் வந்துச்சு. அவர் டிரான்சில்வேனியாவுக்குப் போனதே இல்லை.

புத்தகத்தை நான் தமிழ்ச் சுருக்கத்துலதான் முதல்ல படிச்சேன். சினிமாவுல அவசரமாத் தாண்டிப் போற ரெண்டு விஷயம் அதுல என்னைப் பிடிச்சு நிறுத்திடுச்சு. ஒண்ணு, கதை ஆரம்பிக்கறதே ஒரு கிரயத்துல. ஜோனதன் ஹார்க்கர் வக்கீல் ஆபீஸ்ல இருந்து லண்டன் சொத்துப் பத்திரத்தோட கோட்டைக்குப் போறார். டிராகுலா நிலம் வாங்கறான்! ரெண்டாவது, அவன் கப்பல்ல கொண்டு போறது பொன்னும் வெள்ளியும் இல்லை, 50 பெட்டி மண்ணு. சொந்த ஊர் மண்ணுல படுத்தாத்தான் அவனுக்குத் தூக்கம். அந்த மண்ணை ஏத்திட்டுப் போற கப்பலுக்குப் பேர் டிமீட்டர், கிரேக்கர்களுக்குத் தானியத்துக்கான தெய்வம். ஸ்டோக்கர் யோசிச்சு வெச்சாரோ என்னமோ, 1885-ல விட்பி கரையில நிசமாவே தரை தட்டின ரஷ்யக் கப்பலுக்கு திமித்ரின்னு பேர்.

இதைச் சொன்னப்ப அந்தச் சைக்கிள் அண்ணன் சிரிக்கலை. அவர் பங்கை வித்துட்டுத் திருப்பூர்ல மூணாவது மாடியில வாடகைக்கு இருக்கார். போன பொங்கலுக்கு வந்தவர் போகும்போது உரச் சாக்குல எங்க செம்மண்ணை ரெண்டு சட்டி அள்ளிக் கட்டிக்கிட்டார். மாடியில கறிவேப்பிலை வைக்கறதுக்குன்னார். "ஒரு பெட்டி ஆச்சு, இன்னும் நாப்பத்தொம்பது"ன்னேன். அண்ணி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்க.

சினிமா வந்த கதை கோர்ட்டுல ஆரம்பிக்குது. ஜெர்மனியில பிரானா ஃபிலிம்னு புதுக் கம்பெனி, ஸ்டோக்கர் வீட்டுக்குக் காசு கொடுக்காம, டிராகுலாவை ஆர்லாக்னு பேர் மாத்தி 1922-ல 'நோஸ்ஃபெரட்டு'ன்னு படம் எடுத்துட்டாங்க. டைரக்டர் முர்னாவ். ஸ்டோக்கரோட விதவை ஃபிளாரன்ஸ் அம்மா விடலை. கேஸ் நடந்துச்சு. கம்பெனி திவால். 1925-ல படத்தோட பிரதி எல்லாத்தையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு. ஆனா அதுக்குள்ள சில பிரதிங்க வெளிநாடு போயிருந்துச்சு, அதனாலதான் நாம பார்க்கறோம். அந்தம்மா பக்கம்தான் நியாயம். ஆனாலும் படம் தப்பிச்சதுல எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். மேக்ஸ் ஷ்ரெக்ங்கற நடிகர், மொட்டைத் தலை, எலிப் பல்லு, நீண்ட நகம். மாடிப்படியில அவர் நிழல் மட்டும் ஏறிப் போகும் பாருங்க, அந்த இடத்துல மடை உடைஞ்சு தண்ணி பக்கத்து வயலுக்குப் போனாலும் நான் எந்திரிக்க மாட்டேன்.

வெயில் பட்டா காட்டேரி செத்துடும்ங்கறது தொன்மையான நம்பிக்கைன்னு எல்லாரும் நினைக்கறோம் இல்லீங்களா? அந்தப் படத்துல வந்ததுங்க அது. ஸ்டோக்கர் புத்தகத்துல டிராகுலா பகல்ல லண்டன் ரோட்டுல நடந்து போவான், சக்தி மட்டும் குறைஞ்சிருக்கும். நூறு வருஷத்துக் கதை ஆயிரம் வருஷத்துக் கதை மாதிரி ஆயிடுச்சு. கழுத்துக்குப் பின்னால நிக்கற அந்தப் பெரிய காலரும் அப்படித்தான். 1924-ல ஹாமில்டன் டீன் போட்ட நாடகத்துல இருந்து வந்தது. நடிகர் முதுகைக் காட்டி நின்னா தலை தெரியாது, மேடைப் பலகைக்குக் கீழ நழுவிப் போயிடலாம், மத்தவங்க கையில வெறும் துணி நிக்கும். நம்ம கூத்துல திரை பிடிக்கற மாதிரி ஒரு வித்தைதான்.

அந்த நாடகம் அமெரிக்கா போய், ஹங்கேரியில இருந்து வந்த பேலா லுகோசி 1927-ல பிராட்வேயில டிராகுலா ஆனார். 1931-ல யுனிவர்சல் கம்பெனி படமா எடுத்தாங்க, டைரக்டர் டாட் பிரவுனிங். லுகோசிக்குச் சம்பளம் வாரம் 500 டாலர், ஏழு வாரம், மொத்தம் 3,500. உலகமே இன்னைக்கும் டிராகுலான்னா அந்த ஆளு பேச்சைத்தான் நடிச்சுக் காட்டுது. அதுல அவருக்குக் கோரைப்பல்லே கிடையாது! கோட்டைக்குள்ள ஆர்மடில்லோன்னு அமெரிக்க நாட்டு எறும்புத்தின்னி மாதிரி ஒரு பிராணி நடமாடும். டிரான்சில்வேனியாவுக்கு அது எப்படி வந்துச்சுன்னு கேட்கப்படாது. அந்த ஆர்மடில்லோவுக்காகவே நான் நாலு தடவை பார்த்திருக்கேன்.

அதே செட்டுல இன்னொரு படமும் எடுத்தாங்க. அப்ப டப்பிங் சரியா வராத காலம். ஸ்பானிஷ் பேசற நாடுகளுக்குத் தனியா நடிகர்களை வெச்சு, பகல்ல இங்கிலீஷ் கூட்டம் எடுத்துட்டுப் போனதும் ராத்திரி ஸ்பானிஷ் கூட்டம் வந்து எடுக்கும். டைரக்டர் ஜார்ஜ் மெல்ஃபோர்டு, டிராகுலாவா கார்லோஸ் வில்யாரியாஸ். கேமரா நகர்ற விதத்துல ராத்திரிக்காரங்க படம்தான் ஒசத்தின்னு பலர் சொல்றாங்க. ராத்திரி முறைக்காரனா என் ஓட்டும் அதுக்குத்தான். ஆனா லுகோசி அதுல இல்லையே, அது ஒரு குறை.

லுகோசி கதையில பின்பாதி கஷ்டம். வேற வேஷம் கிடைக்கலை. சினிமாவுல டிராகுலாவாக்கூட இன்னொரே தடவைதான் கூப்பிட்டாங்க, 1948-ல, அதுவும் அபாட் காஸ்டெல்லோ நகைச்சுவைப் படத்துக்கு. வலிக்குப் போட ஆரம்பிச்ச மார்ஃபின் பழகிப்போய், 1955-ல தானாவே ஆஸ்பத்திரியில போய்ச் சேர்ந்தார். கடைசிக் காலத்துல எட் வுட்ங்கற டைரக்டர்தான் கூட இருந்தார். அவர் எடுக்கற படங்களைப் பார்த்து ஊரே சிரிக்கும். 1956 ஆகஸ்டுல லுகோசி போய்ச் சேர்ந்தார். டிராகுலா அங்கியைப் போட்டேதான் புதைச்சாங்க.

எட் வுட் கையில லுகோசி நடிச்ச சில நிமிஷப் படச்சுருள் மிச்சம் இருந்துச்சு. அதை வெச்சு 'பிளான் 9 ஃபிரம் அவுட்டர் ஸ்பேஸ்'னு முழுப்படமே எடுத்துட்டார். மிச்சக் காட்சிக்கு, தன் சம்சாரத்துக்கு முதுகுவலி பார்த்த எலும்பு வைத்தியரைக் கூட்டி வந்து, அங்கியால மூஞ்சியை மூடிக்கிட்டு நடக்க வெச்சார். வைத்தியர் லுகோசியைவிட ஒசரம், ஜாடையும் இல்லை. சுடுகாட்டுக் கல்லு கால் பட்டா ஆடும். 1980-ல ஒரு புத்தகத்துல இதுவரை வந்ததுலயே மோசமான படம்னு பட்டம் கொடுத்தாங்க. நான் முதல் தடவை பார்த்தப்ப வயிறு வலிக்கச் சிரிச்சேன். ரெண்டாவது தடவை பார்த்தப்ப லுகோசி ஒரு வீட்டு வாசல்ல நின்னு பூவைப் பறிச்சு மோந்து பார்க்கற இடத்துல சிரிப்பு வரலை. கூட்டாளி செத்த பிறகும் அவனை ஒரு படத்துலயாவது நடக்க விடணும்னு நினைச்ச ஆளை மோசமான டைரக்டர்னு சொல்லலாம், மோசமான ஆளுன்னு என்னால சொல்ல முடியலை. இந்தக் கதையை வெச்சு 1994-ல வந்த 'எட் வுட்' படத்துல லுகோசியா நடிச்ச மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கர் கொடுத்தாங்க. லுகோசிக்கு அப்படி ஒண்ணும் யாரும் கொடுக்கலை.

இனி என் சொந்த ஊருக்கு வர்றேன், அதாவது ஹாமர். தேம்ஸ் ஆத்தங்கரையில ப்ரேன்னு ஒரு ஊரு, அங்க ஒரு பழைய பங்களாவை ஸ்டூடியோ ஆக்கி, குறைஞ்ச காசுல கலர்ல படம் எடுத்தாங்க. ஒரு கோட்டையை உள்ள வெளியன்னு மாத்தி மாத்திப் பெயிண்ட் அடிச்சே பத்துப் படம் ஓட்டிடுவார் செட் போடற பெர்னார்ட் ராபின்சன். எங்க அப்பன் ஒரு செட் மாட்டு வண்டிச் சக்கரத்தை வெச்சு மூணு வண்டி ஓட்டினார், அந்த மாதிரி. ஜேம்ஸ் பெர்னார்ட் இசையில மூணு சுரம் வரும், டி-ரா-குலான்னு கூப்பிடற மாதிரியே. 1958 படத்து முடிவுல, வான் ஹெல்சிங்கா வர்ற பீட்டர் குஷிங் நீள மேசை மேல ஓடிப்போய்த் தாவித் திரையைக் கிழிச்சு வெயிலை உள்ள விடுவார், ரெண்டு மெழுகுவத்தித் தண்டைச் சிலுவையாப் பிடிப்பார். அப்பத்தான் டைரக்டர் டெரன்ஸ் ஃபிஷர் என்னைச் சாகும்வரைக்கும் வாங்கிப் போட்டார். குஷிங் பிறந்த தேதி மே 26, டிராகுலா புத்தகம் வந்த அதே தேதி. எழுதி வெச்ச மாதிரி!

அடுத்தடுத்த படங்கள் மட்டம் ஆயிட்டே வந்துச்சு, எனக்குப் பிரியமும் கூடிட்டே வந்துச்சு. 1966-ல வந்த 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்'ல லீ ஒரு வார்த்தை பேச மாட்டார், சீறுவார் அவ்வளவுதான். வசனம் மட்டமா இருந்துச்சு, பேச மாட்டேன்னுட்டேன்னார் லீ. நான் வசனமே எழுதலையேன்னார் எழுதின ஜிம்மி சாங்ஸ்டர். ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு, பஞ்சாயத்து முடியலை. ஒவ்வொரு படத்துலயும் அவனைக் கொன்னாகணும், அடுத்த படத்துல எழுப்பியாகணும். ஒரு தடவை பனிக்கட்டி உடைஞ்சு தண்ணிக்குள்ள போவான். ஒரு தடவை சிலுவை மேல விழுவான். 1970-ல 'ஸ்கார்ஸ் ஆஃப் டிராகுலா'வுல இடி விழுந்து சாவான், அதுல வர்ற வௌவாலை எங்க ஊர்த் தேர்த்திருவிழாவுல வித்தா பத்து ரூபாய்க்கு மேல போகாது. 1973-ல கடைசியா லீ நடிச்சதுல சாவு எப்படித் தெரியுங்களா? முள்ளு வேலியில மாட்டிக்கிட்டு. இத்தனை நூறு வருஷம் வாழ்ந்த பிரபுவை ஒரு வேலி முள்ளு கொன்னுடுச்சு! ஆட்டுக்குட்டி மாட்டினாக்கூட நாங்க எடுத்து விட்டுடுவோம்.

லீக்கு இந்தப் படங்கள் பிடிக்கலை. நீ வரலைன்னா இத்தனை பேருக்கு வேலை போயிடும்னு முதலாளி போன் பண்ணுவார், அதுக்காகப் போனேன்னு பேட்டிகள்ல சொல்லியிருக்கார். கூலி ஆள் கிடைக்காத காலத்துல இந்தப் பேச்சை நான் ரெண்டு பக்கமும் நின்னு பேசியிருக்கேன்.

மட்டமான படத்துல என்னய்யா சுகம்னு கேக்கறவங்களுக்கு, ஒரு ஹாங்காங் படம் சொல்றேன். 1985-ல ரிக்கி லாவ் எடுத்த 'மிஸ்டர் வாம்பயர்'. வெளியிட்ட கம்பெனி பேர் கோல்டன் ஹார்வெஸ்ட், பொன்னான அறுவடை. சீனத்துக் காட்டேரி வேற ஜாதி, கையை நீட்டிக்கிட்டுத் தத்தித் தத்திக் குதிச்சு வரும். மூச்சை அடக்கிக்கிட்டா உன்னைத் தெரியாது. நெத்தியில மஞ்சக் காகிதத்துல மந்திரம் எழுதி ஒட்டினா நின்னுடும். அது கீறின ஆளுக்கு மருந்து என்ன தெரியுங்களா? ஒட்டற அரிசி, அதாவது பசையரிசி. அதைத் தரையில கொட்டி அது மேலயே ஆடிட்டு இருக்கணும். ஒரு பையன் அதை வாங்கக் கடைக்கு ஓடறான். கடைக்காரன் பசையரிசியில சாதா அரிசியைக் கலந்து கொடுத்துடறான்! அதனால வைத்தியம் பலிக்காமப் போகுது. நாப்பது வருஷமா நெல்லு வித்து, எடைபோடற இடத்துலயும் ஈரப்பதம் பார்க்கற இடத்துலயும் நின்னவன் நான். அந்தக் காட்சியில எனக்கு வந்த கோவம் எந்த டிராகுலா மேலயும் வந்ததில்லை.

லாகூர்ல 1967-ல எடுத்த 'ஜிந்தா லாஷ்'னு ஒண்ணு இருக்கு. ஹாமர் படத்தை அப்படியே உருதுவுல வெச்சு, பாட்டும் ஆட்டமும் சேர்த்து, கார்ல துரத்தற காட்சியும் போட்டிருப்பாங்க. 1992-ல கொப்போலா எடுத்தது பெரிய படம், கம்ப்யூட்டர் வித்தை வேண்டாம்னு பழைய கேமரா வித்தைகளையே வெச்சு எடுத்தார், மூணு ஆஸ்கர். எனக்கு மரியாதை உண்டு, பிரியம் கொஞ்சம் கம்மி. 'ட்விலைட்'ல வெயில் பட்டா அந்தப் பையன் மினுமினுப்பான். என் மகள் காலேஜ் படிக்கும்போது பார்த்துட்டே இருப்பாள். அதைப் பத்திப் பேசினா வீட்டுல சண்டை, அதனால விட்டுடறேன்.

ஒண்ணே ஒண்ணு சினிமாவுல இல்லாதது, அதைச் சொல்லாம இருக்க முடியலை. அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல எக்ஸெட்டர்னு விவசாய ஊரு. அங்க ஜார்ஜ் பிரௌன்னு ஒரு குடியானவர். காசநோயில முதல்ல சம்சாரம் போனாங்க, அடுத்து மூத்த பொண்ணு. 1892 ஜனவரியில 19 வயசு மெர்சி. பையன் எட்வினும் அதே நோயில படுக்கை. செத்தவங்கள்ல ஒருத்தர் இவன் உசுரை உறிஞ்சறாங்க, தோண்டிப் பார்க்கணும்னு ஊர்க்காரங்க. ஜார்ஜுக்கு அதுல நம்பிக்கை இல்லை. ஆனா சரின்னுட்டார். மார்ச் மாசம் தோண்டினாங்க. சம்சாரமும் மூத்தவளும் எலும்பாக் கிடந்தாங்க. மெர்சி போய் ரெண்டு மாசம்தான், அதுவும் கடுங்குளிர்ல கல்லறை அறைக்குள்ள வெச்ச உடம்பு, கெடலை. நெஞ்சை எடுத்துப் பாறை மேல எரிச்சு, அந்தச் சாம்பலைக் கலக்கி எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தாங்க. மே மாசம் அவனும் போயிட்டான். காசநோய்க்குக் கிருமிதான் காரணம்னு ராபர்ட் கோக் சொல்லிப் பத்து வருஷம் ஆகியிருந்துச்சு. மருந்து வர இன்னும் அம்பது வருஷம் ஆச்சு. நியூ இங்கிலாந்துல இப்படியெல்லாம் நடக்குதுன்னு 1896-ல வந்த ஒரு நியூயார்க் பத்திரிகைத் துண்டை ஸ்டோக்கர் தன் குறிப்போட சேர்த்து வெச்சிருந்தார்.

எங்க ஆத்தாவோட கூடப் பிறந்தவங்க ரெண்டு பேர் எலும்புருக்கியிலதான் போனாங்க. அப்பாறு என்னவெல்லாம் பண்ணினார்னு ஆத்தா சொல்லும். எந்தக் கோயில், எந்த மந்திரக்காரன், வித்த எருமை எத்தனை. யாரையும் தோண்டச் சொல்லி யாரும் கேட்கலை, கேட்டிருந்தா அவர் என்ன சொல்லியிருப்பார்னு நினைச்சுப் பார்ப்பேன். ஜார்ஜ் பிரௌன் 'நம்பிக்கை இல்லை, ஆனா சரி'ன்னு தலையை ஆட்டின அந்த நிமிஷத்தை எந்த டைரக்டரும் எடுக்கலை. டிராகுலா அங்கியை விரிச்சுக்கிட்டு வர்றப்ப நான் சிரிப்பேன், ஆனா அதுக்கு அடியில அந்த ஆளு நிக்கறது எனக்குத் தெரியும்.

இந்த வாரம் ராத்திரி முறை. பெரிய பாத்தி அஞ்சு பாக்கி இருக்கு. முள்ளு வேலியில லீ சாகற படத்தை எடுத்து வெச்சிருக்கேன், கரண்டு நிக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்.